பின்வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது? ஆஸ்பத்திரி விரிவாக்கத்துக்கு ஆட்சேபணை எழுதப்போகிறவர்களுக்கு

தென்காசி, நாங்குநேரி, வள்ளியூர், ஸ்ரீவைகுண்டம் என்று சுற்றுவட்டாரம் முழுவதற்கும் பெரிய வைத்தியம் என்றால் திருநெல்வேலிதான். 1965-ல் மருத்துவக் கல்லூரி வந்த ஹைகிரவுண்டைச் சுற்றியும், வண்ணார்பேட்டை, பெருமாள்புரம் பக்கங்களிலும் வீடாக இருந்தது கிளினிக் ஆகி, கிளினிக் ஆஸ்பத்திரியாகி, பக்கத்து மனையையும் வாங்கி மாடி ஏறிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரி வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 20 அடித் தெருவில் இருப்பவர்கள் ராத்திரி தூங்கவும் வேண்டும், அவசரத்துக்குத் தீயணைப்பு வண்டி உள்ளே வரவும் வேண்டும்.

"எங்கள் குடியிருப்புப் பகுதியில் ஆஸ்பத்திரி விரிவாக்கம் வேண்டாம்" என்று 200 கையெழுத்தோடு போகிற மனுக்கள் பெரும்பாலும் ஃபைலில் தூங்குவதற்குக் காரணம் உண்டு. அதைப் படிக்கிற அதிகாரியிடம் "வேண்டாம்" என்பதை வைத்துப் பார்க்க ஒரு விதியும் இல்லை. "வரைபடத்தில் சாலை 9 மீட்டர் என்று காட்டியிருக்கிறது, நாங்கள் அளந்ததில் மிகக் குறுகிய இடத்தில் 6.1 மீட்டர்தான் இருக்கிறது" என்று எழுதினால் அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். இந்தப் பதிவு முழுக்க அப்படிப்பட்ட வரிகளை எப்படித் தேடி எடுப்பது என்பதைப் பற்றித்தான்.

முதல் அறிகுறி பெரும்பாலும் போர்டு அல்ல. பக்கத்து வீடு கைமாறும். பிறகு ஒரு நாள் காலி இடத்தில் முக்காலி நட்டு, மண் பரிசோதனைக்குத் துளை போடுவார்கள். அன்றைக்கே தொடங்கிவிடுங்கள். கான்கிரீட் தூண் எழும்பிய பிறகு போனால் எந்த அலுவலகமும், நீதிமன்றமும், "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கும்.

பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு இரண்டு அனுமதி வேண்டும். திட்ட அனுமதி நகர் ஊரமைப்புத் துறை வழியாக, கட்டட அனுமதி மாநகராட்சியிலிருந்து. இரண்டையும் போட்டுக் குழப்பி, மாநகராட்சியில் மட்டும் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பது அடிக்கடி நடக்கிற தவறு. இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் கொடுங்கள். மனை எந்த உபயோக மண்டலத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். குடியிருப்பு மண்டலத்தில் என்ன கட்டலாம் என்பது வேறு, வணிக மண்டலத்தில் வேறு. நில உபயோக மாற்றம் தேவைப்பட்டால் செய்தித்தாளில் அறிவிப்பு வரும், ஆட்சேபணைக்குக் கடைசித் தேதியும் அதில் இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட்டில் வீட்டு மனைகளாகப் பிரித்ததை இரண்டு மூன்றாகச் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு எடுத்திருந்தால், அந்த லேஅவுட் வரைபடத்தின் நகலும் வேண்டும். பூங்காவுக்கு விட்ட இடம் ஆஸ்பத்திரி பார்க்கிங் ஆகியிருக்கிறதா என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மூன்று அலுவலகங்களுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் வரைபடமும் அதனுடன் கொடுத்த சாலை அகலச் சான்றும் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் நீர், காற்றுச் சட்ட இசைவாணையும் மருத்துவக் கழிவு அங்கீகாரமும் கேளுங்கள். மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில், 1997-ம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவுச் சான்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். மூன்றாம் நபர் தகவல் என்று அலுவலகம் ஆஸ்பத்திரியின் கருத்தைக் கேட்டால் 40 நாள் வரை ஆகும். பதிலே வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "சம்பந்தப்பட்ட எல்லா ஆவணமும்" என்று மொத்தமாகக் கேட்டால் மறுப்பதற்கு வசதியாகிவிடும். ஆவணத்தின் பெயரைச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

மூன்று பதிலும் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது படுக்கை எண்ணிக்கை. வரைபடத்தில் அறைகளை எண்ணினால் ஒரு கணக்கு வரும். வாரிய இசைவாணையில் ஒரு எண் இருக்கும். பதிவுச் சான்றில் இன்னொன்று இருக்கும். மருத்துவக் கழிவு விதிகள் 2016-ன்படி ஆஸ்பத்திரி தன் இணையதளத்தில் போடவேண்டிய ஆண்டறிக்கையிலும் படுக்கை எண்ணிக்கை உண்டு. இந்த நான்கும் ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான ஆட்சேபணை அதுதான். தண்ணீர், கழிவுநீர், பார்க்கிங் எல்லாக் கணக்கும் படுக்கை எண்ணிக்கையில்தான் நிற்கிறது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். தேசியக் கட்டட நெறிமுறைப்படி 100 படுக்கை வரை உள்ள ஆஸ்பத்திரிக்கு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 340 லிட்டர் தண்ணீர். 100-ஐத் தாண்டினால் 450 லிட்டர். 60 படுக்கை இருந்தது 150 ஆகிறது என்று வையுங்கள். 60 × 340 = 20,400 லிட்டர். 150 × 450 = 67,500 லிட்டர். கூடுதலாக 47,100 லிட்டர் வேண்டும், அதாவது 12,000 லிட்டர் லாரியில் தினமும் நான்கு நடை. அந்த நான்கு லாரி எந்தத் தெரு வழியாக வரும், அல்லது எந்த போர்வெல்லிலிருந்து எடுப்பார்கள் என்று மனுவில் கேளுங்கள். மொத்தம் 67,500 லிட்டரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும், 54,000 லிட்டர். சுத்திகரிப்பு நிலையம் அதற்குத் தக்க அளவில் வரைபடத்தில் இருக்கிறதா? மழைநீர் வாறுகாலில் குழாய் சேர்த்திருக்கிறார்களா? பாளையங்கால்வாயில் ஏற்கெனவே ஊர்ச் சாக்கடை கலந்து கிடக்கிறது. ஆய்வுக்கூடக் கழிவும் அதோடு சேரக் கூடாது. இதை உணர்ச்சியாக எழுதாமல் லிட்டர் கணக்கில் எழுதுங்கள்.

இனி டேப். 30 மீட்டர் இழைநாடா டேப் ஒன்று போதும், இரண்டு பேர் வேண்டும். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மெயின் ரோடு வரை 20 மீட்டருக்கு ஓரிடத்தில் மதிலுக்கு மதில் அளந்து, ஒவ்வொரு அளவையும் கதவு எண்ணோடு எழுதுங்கள். ஆஸ்பத்திரி முன்னால் மட்டும் அளப்பது பயன்படாது. அங்கே எப்போதும் அகலமாகத்தான் இருக்கும். மிகக் குறுகிய இடம்தான் முக்கியம். படிக்கட்டு, ஸ்லாப், டிரான்ஸ்ஃபார்மர், மின்கம்பம் எது தெருவுக்குள் வந்திருக்கிறதோ அதையும் குறியுங்கள், உங்கள் வீட்டுப் படியாக இருந்தாலும் சரி. நம் ஆக்கிரமிப்பை மறைத்துவிட்டு அவர்களுடையதை மட்டும் எழுதினால் ஆய்வுக்கு வருகிற சர்வேயர் முன்னால் மனுவே விழுந்துவிடும். பிறகு புலப்படத்தையும் (மனை எல்லைகளைக் காட்டும் அரசு நில அளவை வரைபடம்) நகர நில அளவைப் பதிவேட்டு நகலையும் எடுத்து, பதிவேட்டில் இருக்கும் அகலத்தையும் நீங்கள் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.

20 அடித் தெரு என்றால் 6.1 மீட்டர். இரண்டு பக்கமும் கார் நின்றால் 4 மீட்டர் போய்விடும், மீதி 2.1 மீட்டர். தீயணைப்பு வண்டியின் அகலம் சுமார் 2.5 மீட்டர். இந்தக் கணக்கை மனுவில் போட்டு, ஒரு திங்கள்கிழமை காலை ஓ.பி. நேரத்தில் எடுத்த போட்டோவையும் சேர்த்தால் வேறு விளக்கம் தேவையில்லை. 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்து 6 பேர் இறந்தார்கள், லிஃப்டுக்குள் சிக்கியவர்கள் அதில் உண்டு. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று விரிவாக்கத்துக்கும் சேர்த்து வாங்கியிருக்கிறதா என்று தனியாகக் கேட்க அது ஒன்றே காரணம் போதும். உள்ளே படுத்திருக்கப்போகிறவர்களும் நம் சொந்தக்காரர்கள்தானே.

உயரத்துக்கு வருவோம். 2019-ம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயரமான கட்டடம். தாண்டினால் சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் இடம் விடவேண்டும், தீயணைப்பு விதிகளும் கடுமையாகும். ஆஸ்பத்திரியில் ஏசி குழாய், ஆக்சிஜன் குழாய் எல்லாம் கூரைக்கடியில் ஓடவேண்டும் என்பதால் ஒரு தளத்துக்கு 12 அடி, 3.65 மீட்டர் வைப்பார்கள். ஐந்து தளம் என்றால் 18.25 மீட்டர். அதனால்தான் தரைத்தளமும் மேலே நான்கு மாடியுமாக இத்தனை ஆஸ்பத்திரிகள் நிற்கின்றன. அதுவரை விதிப்படி சரி. பிரச்சினை பிறகு வரும். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு கேன்டீனோ நர்ஸ்கள் தங்கும் இடமோ வரும். கீழே வரைபடத்தில் பார்க்கிங் என்று காட்டிய அடித்தளம் மருந்துக்கடையாகவோ ஸ்கேன் சென்டராகவோ மாறும். பார்க்கிங் போனால் கார்கள் தெருவுக்கு வரும். பழைய கட்டடத்தில் இப்படி ஏற்கெனவே இருந்தால், விரிவாக்க மனுவைப் பரிசீலிக்கும் முன் அதைச் சரிசெய்யச் சொல்லி எழுதுங்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ம் பிரிவுகளில் அனுமதி மீறிய கட்டடத்தின்மேல் நடவடிக்கை எடுக்கவும் வேலையை நிறுத்தவும் அதிகாரம் இருக்கிறது.

பழையதும் புதியதும் சேர்ந்து கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை, அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடியைத் தொட்டால், சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும். கட்டடங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கூட்டம் வரும், அங்கே பேசலாம் என்று காத்திருந்தால் அனுமதி வந்துவிடும். இந்த அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். அனுமதி கொடுத்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்குமேல் கதவு மூடிவிடும்.

ஜெனரேட்டர்தான் பக்கத்து வீட்டுக்காரரை நேரடியாகத் தொடுவது. புகைக்குழாய் உயரத்துக்குச் சூத்திரம் உண்டு: கட்டட உயரத்தோடு, ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கிக் கூட்டவேண்டும். 500 கே.வி.ஏ. என்றால் வர்க்கமூலம் 22.4, அதில் 0.2 பங்கு சுமார் 4.5 மீட்டர். 18 மீட்டர் கட்டடத்துக்குக் குழாய் 22.5 மீட்டர் வரை போகவேண்டும். பல இடத்தில் முதல் மாடி உயரத்திலேயே வளைத்து, அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்த்து விட்டிருப்பார்கள். ஜெனரேட்டரை மூடியிருக்கும் ஒலிக்கூண்டுக்கு வெளியே 1 மீட்டரில் சத்தம் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். செல்போன் ஆப்பில் அளந்தது முதல் ஆதாரமாகப் பயன்படும், முடிவான ஆதாரம் ஆகாது. அதை வைத்து, வாரியமே வந்து அளக்கவேண்டும் என்று கேளுங்கள். ஏசியின் வெளி யூனிட்டுகளும் சமையலறைப் புகைப்போக்கியும் பக்கவாட்டு இடைவெளியில் உங்கள் படுக்கையறைக்கு எதிரே வருகின்றனவா என்று வரைபடத்தில் தேடுங்கள். மாடிக்கு ஏற்றச் சொல்வது நியாயமான கோரிக்கை, செலவும் அதிகமில்லை.

மருத்துவக் கழிவைப் பற்றி நம் ஊருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர் பக்கம் கேரள ஆஸ்பத்திரிக் கழிவு கொட்டிக் கிடந்ததும், பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி கேரளத்திலிருந்து லாரி வந்து அள்ளிப்போனதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். விதி என்ன சொல்கிறதென்றால்: மஞ்சள் பையில் உடல் உறுப்பு, ரத்தம் பட்ட பஞ்சு, காலாவதி மருந்து. சிவப்பில் டியூப், ஐ.வி. செட். வெள்ளை, ஊசி குத்தித் துளைக்க முடியாத டப்பாவில் ஊசியும் பிளேடும். நீலத்தில் கண்ணாடி. உடல் உறுப்பையும் ரத்தம் பட்ட பஞ்சையும் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் ஆஸ்பத்திரி சொந்தமாக எரிப்பான் வைக்க முடியாது. நீங்கள் பார்க்கவேண்டியது, அந்தக் கழிவு அறை வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பது. பெரும்பாலும் பின்மதிலை ஒட்டி, உங்கள் சமையலறையிலிருந்து ஐந்தடியில் இருக்கும்.

அடித்தளம் தோண்டும் திட்டம் இருந்தால் ஒரு வேலையை உடனே செய்யுங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் பல இடத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. பாறை உடைக்கும் அதிர்வும், ஐப்பசி கார்த்திகை மழையில் செங்குத்தாக வெட்டிவிட்ட பள்ளத்தின் ஓரம் சரிவதும்தான் வீடுகளை விரிசல் விடச் செய்கின்றன. பழைய வீட்டு அஸ்திவாரம் நாலைந்து அடிதான் இருக்கும், பள்ளம் 12 அடி போகும். தோண்டும் முன்பே வீட்டின் எல்லாச் சுவரையும் போட்டோ எடுங்கள். இருக்கிற விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கண்ணாடிக் கடையில் 2 மில்லிமீட்டர் கண்ணாடியை 1 அங்குல அகலம், 4 அங்குல நீளத்துக்கு வெட்டி வாங்கி, விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையில் மட்டும் எபாக்சி போட்டு ஒட்டுங்கள். நடுவில் ஒட்டக் கூடாது. ஒட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டுப் பூச்சு தெரிந்த பிறகு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் சுவர் நகரும்போது பெயின்ட் உரிந்து கண்ணாடி கழன்று விழும், உடையாது. மேற்குப் பார்த்த வெளிச்சுவரில் வைத்தால் வெயிலுக்கே உடையும், அதனால் உள்சுவரில் வையுங்கள். கண்ணாடி நடுவில் பட்டென்று உடைந்திருந்தால் சுவர் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பொறியாளரிடம் இதை அறிக்கையாக வாங்கி, வேலை தொடங்கும் முன்பே ஆஸ்பத்திரிக்கும் மாநகராட்சிக்கும் ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். விரிசல் விட்ட பிறகு எடுக்கிற போட்டோவைத் தள்ளிவிட, "இது பழைய விரிசல்" என்று அவர்கள் சொன்னால் போதும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பது சுவரில் கறையாக இருக்கும். அதன் உயரத்தை அளந்து மனுவில் போடுங்கள். ஜெனரேட்டரும் மின் பலகையும் அந்த மட்டத்துக்குக் கீழே அடித்தளத்தில் வருகின்றனவா என்று கேளுங்கள். தீவிர சிகிச்சையில் இருப்பவரின் உயிர் அது.

மனுவில் எழுதவே கூடாத சிலதும் உண்டு. ஸ்கேன் மெஷின் கதிர்வீச்சால் தெருவில் புற்றுநோய் வரும் என்று எழுதாதீர்கள். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிரே கிடையாது. எக்ஸ்ரேயும் சி.டி.யும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமத்தின்கீழ் வருகின்றன, உரிமம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பிணவறை வந்தால் வீட்டு விலை இறங்கும் என்பதையும் விடுங்கள். இப்படி ஒரு வரி இருந்தால் மற்ற பத்து நல்ல வரியையும் அதோடு சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். "ஆஸ்பத்திரி வந்தா நல்லதுதானே அண்ணாச்சி" என்று தெருக்கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டு, மனுவின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள்.

கையெழுத்து போடுகிறவர்கள் கதவு எண்ணோடு, 100 மீட்டருக்குள் இருப்பவர்களாக இருக்கட்டும். அடுத்த வார்டுக்காரர்களின் 300 கையெழுத்தைவிட அந்த 25 பேருக்கு எடை அதிகம். குடியிருப்போர் நலச்சங்கம் 1975-ம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருந்தால் அதன் பெயரிலும், இல்லாவிட்டால் தனித்தனி ஆட்கள் பெயரிலும் கொடுங்கள். கட்சி லெட்டர்ஹெட் வேண்டாம். திங்கள்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுப்பது, எண் போட்ட ரசீது கிடைக்கும் என்பதற்காகவே பயனுள்ளது. ஆனால் அங்கிருந்து அது திரும்ப அதே அலுவலகங்களுக்குத்தான் போகும். பின்னால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக நேர்ந்தாலும், பெரும்பாலும் "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள்" என்றுதான் உத்தரவாகும். அப்போது மேஜையில் இருக்கப்போவது நீங்கள் முதல் நாள் எழுதிய மனுதான். அதில் இல்லாத அளவு பிறகு உதவாது.

கடைசியாக, பேச்சுவார்த்தை. பல விரிவாக்கங்கள் முழுதாக நிற்காது, நிபந்தனையோடு நடக்கும். அதனால் என்ன நிபந்தனை வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதிவையுங்கள். ஆஸ்பத்திரியின் முகம் மெயின் ரோட்டைப் பார்த்திருக்கும், பின்பக்கம் உங்கள் தெருவைப் பார்த்திருக்கும். அந்தப் பின்வாசல் வழியாகத்தான் ஆக்சிஜன் டேங்கர், தண்ணீர் லாரி, கழிவு வண்டி, அமரர் ஊர்தி எல்லாம் வரும். அந்த வாசலே வேண்டாம், எல்லா வண்டியும் மெயின் ரோடு வழியாக வரட்டும் என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள். தீ விபத்து நேரத்தில் வெளியேற மட்டும் கதவு வேண்டும் என்று தீயணைப்புத் துறை சொன்னால் அதைத் தடுக்காதீர்கள். உள்ளிருந்து திறக்கிற, வண்டி நுழைய முடியாத சிறிய கதவாக இருக்கட்டும். நிர்வாகம் வாயால் ஒப்புக்கொள்வதோ முத்திரைப் பத்திரத்தில் எழுதித் தருவதோ அனுமதி கொடுக்கும் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது. திட்ட அனுமதி ஆணையில் நிபந்தனையாக வரவேண்டும், திருத்திய வரைபடத்திலும் வரவேண்டும். அந்த வரைபடத்தின் நகலை வாங்கி, உங்கள் தெருப் பக்க மதில் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போங்கள். கோடு எங்காவது அறுந்து, பக்கத்தில் கால்வட்டம் போட்டிருந்தால் அது கதவு. எத்தனை மீட்டர் அகலம் என்று பக்கத்தில் எழுதியிருக்கும்.